விச்சென்ஸாவின் கன்னி மூலை

அந்தச் சேர்ல வேண்டாமுங்க தம்பி, அது உத்தரத்துக்கு நேர் கீழ இருக்குது. உத்தரத்துக்கு அடியில உக்காந்தா ரோசனை கலங்கிப் போகும். இக்கட்ட வாங்க. கெழக்க பாத்து உக்காருங்க. ஆங், இப்பச் சரி.

எங்கூட்டம்மா உள்ள பொட்டலம் கட்டிக்கிட்டிருக்கறா. ஓமம், பெருங்காயம், பருப்புப் பொடி, புள்ளைக்கு வெள்ளாவி வச்ச பழந்துணின்னு எடை ஏறிக்கிட்டே போகுது. கூச்சப்படாம இவ்வளவுதான் தூக்க முடியும்னு சொல்லிப்போடுங்க. என்ற பையன் பூபதி கம்பெனிக்கே நீங்களும் வேலைக்குப் போறீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அவளுக்கு நெலத்துல கால் நிக்கல. பூபதி சொல்லித்தானுங்களே வந்தீங்க? என்னையப் பத்தி எதாச்சும் சொன்னானுங்களா? சொல்லியிருக்க மாட்டான். வேலை அப்படி அவனுக்கு. நகைச் செயின் பின்னற மெசினு செய்யற எடம், தலையச் சொறியக்கூட நேரமிருக்காது.

காப்பி வரட்டும். அதுக்குள்ள அந்த விச்சென்ஸா ஊரைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிப்போடறேன். நீங்க மொதத் தடவை போறீங்க, சின்ன வயசு. சொல்லாம உட்டா அந்தப் பாவம் என்னைய வந்து சேரும்.

தாராபுரத்துல பஸ் எறங்கி வாஸ்து நாச்சிமுத்து ஊடு எங்கீங்கன்னு கேட்டிருப்பீங்க. கை காட்டியிருப்பாங்க. இந்தப் பக்கம் என்னையக் கேக்காம ஒருத்தரும் கடைக்கால் தோண்ட மாட்டாங்க. மில் முதலாளிங்க கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. அப்படியாப்பட்டவன் பெத்த பையன், என்னைய ஒரு வார்த்தை கேக்காம அங்க ஒரு மாடியூட்டுக்குக் குடி போனான். எல்லாம் அதுலதான் ஆரம்பம்.

குடி போன வருசமே என்ற மருமவளுக்கு மூணாம் மாசம் கலைஞ்சு போச்சுங்க. இந்துமதின்னு பேரு, தங்கமான புள்ளை. கலைஞ்சதுக்கு அப்புறந்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. பூபதிகிட்டச் சொன்னேன், டேய், போனை எடுத்துக்கிட்டு வாசப்படியில நில்லு, அதுலயே தெசை காட்டுமாமே, காட்டுன்னேன். காட்டுனான். தென்மேக்கு! தலைவாசல் கன்னி மூலையில இருக்குது தம்பி. கன்னி மூலையில பாரம் இருக்கோணும். அங்க ஓட்டை இருக்கக் கூடாது. அங்க வாசல் வச்ச ஊட்டுல பொம்பளைங்களுக்கு ஆகாது, வயித்துல இருக்கறதுக்கும் ஆகாது. இது நான் சொல்றதில்லீங்க, காலங்காலமா இருக்கறது.

ஊட்டை மாத்துடான்னேன். வாடகைக்குக் கெடைக்கறதே குதிரைக்கொம்புங்கப்பான்னான். அந்த நேரம் பாத்து மறுபடியும் புள்ளை உண்டாயிருச்சு. சந்தோசப்பட வேண்டிய சேதிதானுங்களே? எனக்குத்தான் சோறு எறங்கல. மொத மாசம், ரெண்டாம் மாசம்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். மூணாம் மாசம் தாண்டுச்சு. இருந்தாலும் அந்தக் கதவு அங்கயேதான இருக்குது?

சம்பந்தியம்மா எட்டாம் மாசம் போறதா ஏற்பாடு. அதுக்கு முன்னால நான் போறேன்னேன். ஆம்பளை அங்க போயி என்னத்தப் பண்ணப் போறீங்கன்னு எங்கூட்டம்மா சிரிச்சா. பூபதியும் வேண்டாங்கப்பா, குளுரு தாங்க மாட்டீங்கன்னான். நான் கேக்கல. கம்பளிச் சட்டை வாங்கிக்கிட்டு, என்ற காம்பஸையும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டு ஏறிட்டேன்.

ஊரு அழகுதானுங்க. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். சின்ன ஊருதான். கட்டடம் படிக்கறவங்க ஒலகத்துல எங்கிருந்தெல்லாமோ வந்து அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பல்லாடியோன்னு ஒருத்தருங்களாம். ரொம்ப காலத்துக்கு முந்தி, கல்லு செதுக்கற வேலையில ஆரம்பிச்சு ஊருல பாதியக் கட்டிப்போட்டாராம். பூபதி பெருமையாச் சொல்லிக்கிட்டு வர்றான். எனக்கு அங்கயே பயம் புடிச்சுக்கிச்சு. ஏன்னு கேளுங்க.

கூரை மேல ஆளுங்க நிக்கறாங்க தம்பி. கல்லு ஆளுங்க. நடு ஊர்ல பெரிய மண்டபம், வளைவு வளைவா, அது மேல வரிசையா நிக்கறாங்க. அக்கம்பக்கத்துக் கட்டடத்து மேலயும் நிக்கறாங்க. எல்லாரும் கீழ பாக்கறாங்க. நான் சந்தையில தக்காளி வாங்கப் போனாலும் பாக்கறாங்க. இந்துமதி வயித்தைத் தள்ளிக்கிட்டு நடந்து போறா, அவளையும் பாக்கறாங்க. துப்பட்டாவை இழுத்து மூடு கண்ணுன்னேன். எதுக்குங்க மாமான்னா. என்னன்னு சொல்றது? சும்மா மூடுன்னேன்.

தெருவெல்லாம் தெருக்குத்து. நேரா வந்து ஒரு ஊட்டு நெஞ்சுல குத்தும், அங்கிருந்து திரும்பி இன்னொரு ஊட்டு விலாவுல குத்தும். அந்த ஊட்டுக்குள்ள ஆளுங்க விளக்கைப் போட்டுக்கிட்டு உக்காந்து ஒயின் குடிக்கறாங்க. எனக்கு ஓடிப்போயி கதவைத் தட்டிச் சொல்லலாமான்னு இருந்துச்சு. பாசை தெரியாது, உட்டுட்டேன்.

ஒரு பழைய நாடகக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேடைக்குப் பின்னால மரத்துல தெரு கட்டி வச்சிருக்கறாங்க. பாத்தா மைல் தூரம் போற மாதிரி இருக்குது, கொஞ்சதூரந்தானாம். முன்னால அகலம், உள்ள போகப் போகக் குறுகிக்கிட்டே போகுது. சிங்கமுகம்! கடைக்குச் சரி, குடியிருக்கறதுக்கு ஆகவே ஆகாது. எல்லாரும் கை தட்டறாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன். இந்துமதி என்ற கையப் புடிச்சு, என்னங்க மாமா, மூச்சு வாங்குதுங்களான்னா. அவளுக்கு நல்ல மனசுங்க. ஒடம்பை வச்சுக்கிட்டு எனக்குத் தண்ணி வாங்கியாந்து குடுத்தா.

இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு சனிக்கெழமை, ஊருக்கு வெளிய மேட்டு மேல ஒரு பங்களாவுக்குப் போனோம். ரொத்தோந்தான்னு சொல்றாங்க. அதுதான் அந்த ஊருக்கே மகுடமாம். நாலு பக்கமும் ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி தூணு, ஒரே மாதிரி படிக்கட்டு, நடுவுல கும்பம் கவுத்த மாதிரி கூரை. தம்பி, நாலு வாசல்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட ஆச்சு. நம்ம கோயில் கணக்கா நாலு தெசைக்கு நாலு வாசல் வச்சிருக்கறான், வெவரமானவன்னு நெனச்சேன்.

உள்ள போயி நட்ட நடுவுல நின்னு காம்பஸை எடுத்தேன். முள்ளு ஆடுச்சு, நின்னுச்சு. வடக்க பாத்தா செவுத்து முக்கு நிக்குது. தெக்கயும் முக்கு. கெழக்கயும் முக்கு, மேக்கயும் முக்கு. அப்போ வாசல்? ஈசானியப் பாத்து ஒண்ணு, அக்கினியப் பாத்து ஒண்ணு, கன்னியப் பாத்து ஒண்ணு, வாயுவப் பாத்து ஒண்ணு. ஊட்டையே புடிச்சுத் திருகி வச்சிருக்கறான் தம்பி! ஒரு ஊட்டுக்கு ஒரு கன்னி மூலை வாசலே குடியக் கெடுக்கும். இது நாலும் மூலை. அதுக்கும் மேல, நடு ஊட்டுல, பிரம்மஸ்தானத்துல, தரையில ஓட்டை போட்டு கல்லு ஜன்னல் மாதிரி மூடி வச்சிருக்கறான்.

சத்தம் போட்டு ‘பூபதீ’ன்னேன். வட்டமா இருக்கற அந்த நடு ஊட்டுக்குள்ள என்ற சத்தம் எனக்கே சுத்திச் சுத்தி வருது. அங்கயே தரையில உக்காந்துட்டேன். காவலுக்கு நின்ன பொண்ணு ஓடி வந்துச்சு.

இதைக் கட்டுனவன் நல்லா இருந்தானாடான்னு கேட்டேன். பூபதி எதையோ படிச்சுப் பாத்துட்டு, கட்டச் சொன்னவரும் சரி, கட்டுனவரும் சரி, வேலை முழுசா முடியறதுக்குள்ளயே போயிட்டாங்க, அப்புறம் மகன் வித்துட்டாருன்னான். கேட்டீங்களா? கேட்டீங்களா தம்பி? வித்துட்டான்! அதுக்கு மேல அவன், இப்ப இருக்கறவங்க தலைமுறை தலைமுறையா நல்லாத்தான் இருக்கறாங்கப்பா, ஒலகமே இதைப் பாத்து ஊடு கட்டுதுங்கப்பான்னு என்னென்னமோ சொன்னான். அதெல்லாம் என்ற காதுல ஏறல. இப்படியொரு ஊரு. இப்படிக் கட்டுனவனைத் தலையில தூக்கி வச்சு ஆடற ஊரு. இதுக்குள்ள என்ற பேரப்புள்ளை பொறக்கப்போவுதேன்னு காம்பஸைப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சேன்.

பொழுதோட ஊட்டுக்கு வந்ததும் சொன்னேன். தலைவாசலை அடைக்கோணும். அந்த ஊட்டுக்கு இன்னொரு வழி இருக்குதுங்க. சமையக்கட்டுல ஒரு சின்னக் கதவு, அதைத் தெறந்தா நடைபாதை, அதுல இருந்து இரும்புப் படியில எறங்குனா பின்பக்க முத்தம். வடக்கு! குபேர தெசை. அந்த வழியா பொழங்குனாப் போதும். கன்னி மூலையில பாரத்தை வச்சு அடைச்சுப்போடலாம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

பூபதி குதிச்சான். பைத்தியமாப்பா உங்களுக்குன்னான். இந்துமதி மொள்ளமாச் சொன்னா. மாமா, ஒரு அவசரம்னா அந்தக் கதவுதானுங்களே வேணும்னா. நான் சொன்னேன், கண்ணு, அவசரமே வரக் கூடாதுன்னுதான் அடைக்கச் சொல்றேன்னேன். அந்தப் புள்ளை எந்திரிச்சு உள்ள போயிருச்சு. நியாயத்தைச் சொன்னா யாரு என்ன பேச முடியும்?

பூபதிதான் மசியல. நான் சாப்பிடாம உக்காந்துட்டேன். மொத நாள் அவன் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டான். அடுத்த நாளும் நான் தட்டைத் தொடல. சர்க்கரை ஒடம்பு, மாத்திரை போடோணும்னு இந்துமதி அழுகறா. கடைசியில, சரி வாங்கன்னு எந்திரிச்சான். ஊட்டுக்காரங்களோட பழைய அலமாரி ஒண்ணு இருந்துச்சு, ஆனைக்குட்டி கனம். ரெண்டு பேரும் சேந்து தள்ளித் தலைவாசலுக்கு முட்டுக் குடுத்தோம். அதுக்குள்ள அவன் புஸ்தகப் பெட்டியெல்லாம் அடுக்குனேன். அரிசி மூட்டைய வச்சேன். அன்னிக்குத்தானுங்க அந்த ஊர்ல நான் வயிறு நெறைய சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்தான். மத்தியானம். பூபதி வேலையில இருக்கறான். நான் ரசஞ்சோறு பெசஞ்சுக்கிட்டு இருக்கறேன். ‘மாமா’ன்னு ஒரு சத்தம். போயிப் பாத்தா கட்டலைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, கீழ தண்ணி. தண்ணியோட ரத்தமும். இன்னும் எட்டாம் மாசமே பொறக்கல தம்பி. அவளே போன் போட்டு அந்தப் பாசையில பேசுனா. நான் முருகா முருகான்னுக்கிட்டு நிக்கறேன். வேறென்ன பண்றது?

சத்தம் போட்டுக்கிட்டு வண்டி வந்துருச்சு. நெம்ப சீக்கிரமாவே வந்துருச்சு. தடதடன்னு படியேறி வந்து தலைவாசல்ல பெல் அடிக்கறாங்க. தட்டறாங்க. தள்ளறாங்க. கதவு உள்ளபக்கமாத் தெறக்கற கதவு. அசையுமா? நான் அலமாரியப் புடிச்சு இழுக்கறேன். என்ற ஒருத்தனால ஆகற காரியமா? அரிசி மூட்டைய எறக்குனேன். புஸ்தகப் பெட்டிய எடுத்தா அடி கிழிஞ்சு எல்லாம் கால்ல கொட்டுது. வெளிய இருந்து அவங்க கத்தறாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. ‘கதவுங்க மாமா, கதவு, கதவு’ன்னு இந்துமதி தரையில உக்காந்துக்கிட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கறா. பாருங்க, அந்த நேரத்துலயும் புள்ளைக்குக் கதவு நெனப்புத்தான். வெளிய சொல்லிக்கலையே ஒழிய, அவ மனசுக்குள்ளயும் அந்தக் கதவு மேல பயம் இருந்திருக்குது.

அப்புறம் அவளே கத்திச் சொன்னா, பின்னால வாங்கன்னு. பின்பக்க முத்தத்துக்கு இரும்புக் கேட்டு, பூட்டிக் கெடக்குது. கீழூட்டம்மா சாவியத் தேடி எடுத்தாந்து தெறந்துச்சு. இரும்புப் படியில அவங்க தூக்கியாந்த கட்டல் திரும்பல. சாய்ச்சுப் பாத்தாங்க, நிமித்திப் பாத்தாங்க, திரும்பல. மறுபடியும் வண்டிக்கு ஓடி ஒரு நாற்காலியத் தூக்கிட்டு வந்து, அதுல வச்சுக் கட்டி எறக்குனாங்க. படிக்குப் படி அவ முனகறா. நான் மேல நின்னு பாக்கறேன். தம்பி, நான் எத்தனையோ சாவு பாத்தவன். அப்படிப் பயந்தது என்ற ஆயுசுல இல்லீங்க. அந்தப் படியில இருந்த ரத்தத்தை நான்தான் துணி போட்டுத் தொடச்சேன்.

இதுலதான் நீங்க கவனிக்கோணும். எந்த வழியா எறக்குனாங்க? வடக்கு! குபேர வாசல் வழியா. அதனாலதானுங்க ரெண்டு உசுரும் பொழச்சுது. கன்னி மூலை வழியா எறக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? நெனச்சுப் பாருங்க.

பூபதி ஆஸ்பத்திரிக்கு வேலைத்துணியோட ஓடி வந்தான். டாக்டரம்மா அவன்கிட்ட ரொம்ப நேரம் பேசுனாங்க. என்னடா சொல்றாங்கன்னேன். இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கோணும்னாங்கன்னான். அந்த ஊர்ச் சந்துல வண்டி எப்படீங்க முன்னால வரும்? நான் அதைத்தான் சொன்னேன், தெருக்குத்து ஊர்ல இப்படித்தான்டான்னேன். அவன் என்னையப் பாத்தான். எவ்வளவு நேரம்ப்பா தள்ளுனீங்கன்னு கேட்டான். எதைன்னேன். அலமாரியன்னான். எனக்குத் தெரியல. திட்டுனாக்கூடப் பரவாயில்லீங்க, திட்டல. நான் பெத்த பையன் மூஞ்சியப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு.

புள்ளைய கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. அப்பனும் ஆத்தாளும் மட்டுந்தான் பாக்கலாமாம், அந்த ஊர்ச் சட்டம். சம்பந்தியம்மா அவசரமா ஏறி வந்து சேந்தாங்க. அவங்க உள்ள போனாங்க. பொம்பளைங்களை உடுவாங்க போலிருக்குது. நான் வெளிய பெஞ்சியில உக்காந்திருந்தேன்.

பூபதி எனக்கு டிக்கெட்டை முன்னாலயே மாத்திப்போட்டான். குளுரு எனக்கு ஆகாதுன்னு அவனுக்குத் தெரியும். பெட்டிய எடுக்க ஊட்டுக்குப் போனா, அலமாரி பழைய எடத்துல நிக்குது. தலைவாசல் பப்பரப்பான்னு தெறந்து கெடக்குது. நான் சமையக்கட்டு வழியா வரேன்டான்னேன். பெட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னான். ‘இப்படியே போங்கப்பா’ன்னான். பெத்த அப்பனைக் கன்னி மூலை வாசல் வழியா வெளிய அனுப்பி வச்சான் தம்பி. பிளேன்ல வாற வழியெல்லாம் எனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தேன்.

இப்பப் புள்ளை ஊட்டுக்கு வந்துட்டானுங்க. நல்லா இருக்கறானாம். தொட்டில் கட்டியிருக்கறாங்களாம். எங்க கட்டியிருக்கறாங்கன்னு கேட்டா எங்கூட்டம்மாவுக்குச் சொல்லத் தெரியல. ஹால்லதானுங்கறா. ஹால்லன்னா அந்தக் கதவுக்கு நேரால்ல வரும்? அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அதுக்குத்தான் உங்ககிட்ட ஒரே ஒரு ஒதவி. இந்தாங்க, செம்புத் தகடு. பூசை பண்ணி வச்சது. பூபதிக்குத் தெரியாம அந்த வாசல்ல, கால்மிதிக்கு அடியில வச்சுப்போடுங்க. வச்சுட்டு ஒரு போன். அவ்வளவுதானுங்க.

நீங்களே சொல்லலாமேங்கறீங்களா? சொல்லலாம். லைன் கெடைக்க மாட்டேங்குதுங்களே. எங்கூட்டம்மாவுக்கு நல்லாக் கெடைக்குது, தெனமும் கூப்புடறாங்க, புள்ளையக் காட்டறாங்க, மணிக்கணக்குல பேசறாங்க. நான் பக்கத்துல போயி மூஞ்சிய நீட்டுனா கட்டாயிருது. பொசுக்குனு போயிருது. நான் போன் பண்ணா அடிச்சுக்கிட்டே இருக்குது. டவர் கோளாறு. வாயு மூலையில நின்னு பேசுனாக் கெடைக்கும்னு மொட்டை மாடியில வாயு மூலையில நின்னு பாத்தேன். ஈசானியில நின்னு பாத்தேன். அவ போனை மாத்தி வாங்கிக் குடுத்தேன். புதுப் போன்லயும் அப்படித்தான், அவ புடிச்சா இருக்குது, நான் வந்தாப் போயிருது. நீங்க மெசினு படிச்சவரு, அது எதனாலன்னு தெரியுங்களா?

பேரன் மூஞ்சிய நான் இன்னும் பாக்கலீங்க. போட்டோ ஒண்ணு வந்துச்சு, எங்கூட்டம்மா காட்டறேன்னா, அப்புறம் அழிஞ்சு போச்சுன்னா. அவளுக்குப் போன் பொழங்கத் தெரியாது.

இருங்க. போன் மணி அடிக்குது பாருங்க. அவங்கதான், இந்நேரத்துக்குத்தான் கூப்புடுவாங்க. கேக்குதுங்களா? அவ சிரிக்கறா. ‘என்ற ராசா, என்ற சாமீ’ங்கறா. புள்ளை முழிச்சுக்கிட்டிருக்கறான் போல.

தகடு கெடக்கட்டும், அப்புறம் வாங்கிக்கலாம். எந்திரிங்க தம்பி, நீங்க உள்ள போங்க. நான் வரல, நான் வந்தாக் கட்டாயிரும். காப்பி டம்ளரை வைக்கப் போற மாதிரிப் போயி, அவ தோள் மேலயா ஒரு பார்வை பாருங்க. நல்லா உத்துப் பாருங்க. கண்ணு எப்படி இருக்குது, நெத்தி யாரு நெத்தி, கைகாலை ஆட்டறானா, எல்லாம் பாத்துக்கிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு உடாமச் சொல்லோணும். நான் இங்கயே, இந்தச் சேர்லயே, சத்தமில்லாம உக்காந்திருக்கறேன்.

மொள்ளமாப் போங்க. தம்பி, தம்பி, இன்னொண்ணு. நான் ஊட்டுல இருக்கறேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.